படிவத்திலிருந்து நான் வெட்டிய பூட்டாங்கயிறு

அன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது மீன்தான். கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து உப்புவெளிப் பக்கம் போகும் ரோட்டில், சின்ன மதகு ஒன்றை ஏறும் இடத்தில், தார் முழுக்கச் சூடை மீன் சிதறிக் கிடந்தது. உடைந்த ஐஸ் கட்டிகள் வெயிலில் உருகி ரோட்டோரக் கானுக்குள் வடிந்துகொண்டிருந்தன.

நான் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்த கால்நடை உத்தியோகத்தர் நான். நாடு முழுக்கப் பெட்ரோல் தட்டுப்பட்டு அலுவலக மோட்டார் சைக்கிளும் நின்றுவிட்டதால் அந்த வயதில் மறுபடி சைக்கிள் மிதிக்கப் பழகியிருந்தேன். முழங்கால் இரண்டும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தன.

மீனைத் தாண்டிப் பார்த்தால் வண்டில். அதன் பின்பக்கம் நிலத்தில் குந்தியிருந்தது. முன்பக்கத்து ஏர்க்கால்கள் இரண்டும் மேலே தூக்கி நின்றன. அவற்றின் நுனியில் இருந்த நுகத்தோடு சேர்த்து, கறுவல் என்ற மாட்டின் கழுத்தும் மேலே இழுபட்டிருந்தது. பின்கால்கள் மடங்கி, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

கழுத்துக்குக் கீழே கயிறு. நீல நைலோன் கயிறு. அந்தக் கயிறுதான் மாட்டை நெரித்துக்கொண்டிருந்தது.

வண்டிலோடு வந்த சல்லி மீனவன் தவராசா முடிச்சை விரலால் கிண்டினான், பல்லால் கடித்தான். அது இறுகி இறுகிக் கல்லாகிவிட்டது.

"அவிழுதில்லை மிஸ்! ஒண்டும் செய்ய ஏலாமக் கிடக்கு!"

கொஞ்சம் தள்ளிப் பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். அந்த அவசரத்திலும் ஒருவர் தன்னுடைய இடம் போய்விடக் கூடாதென்று ஹெல்மெட்டைக் கழற்றி ரோட்டில் வைத்துவிட்டு வந்ததைக் கண்டேன். அந்த நாட்களை வாழ்ந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"ஏர்க்காலைப் பிடிச்சு அமத்துங்கோ! ரெண்டு பக்கமும் அமத்துங்கோ!" என்று கத்தினேன். நாலு ஆண்கள் தொங்கினார்கள். நுகம் கொஞ்சம் தாழ்ந்தது. கயிறு இளகவில்லை.

அப்போது தவராசாவின் மனைவி யோகம் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள். புருசனை ஒரு கையால் தள்ளிவிட்டாள். மாட்டின் தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் தன் இடது கையை நுழைத்துக்கொண்டு, வலது கையால் கயிற்றை அறுத்தாள். கத்தி வழுக்கி அவளுடைய விரலையும் வெட்டியது. அவள் பார்க்கவே இல்லை.

கயிறு அறுந்தது. மாடு ரோட்டில் தலையைப் போட்டது. ஒரு மூச்சு வரவில்லை. இரண்டாவது மூச்சும் வரவில்லை. பிறகு ஒரு பெரிய இரைச்சலோடு அதன் விலா உப்பியது. நான் முட்டுக்காலில் உட்கார்ந்தேன். அறுந்த கயிற்றின் துண்டு என் கையில் இருந்தது. அந்த நேரத்தில்தான் எத்தனையோ வருடமாக நினைக்காத ஒரு சொல் என் ஞாபகத்துக்கு வந்தது. பூட்டாங்கயிறு.

நுகத்தை மாட்டின் கழுத்தோடு சேர்த்துப் பூட்டுகிற கயிற்றுக்கு அதுதான் பெயர்.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர் போன கிழமை கடிதம் எழுதியிருந்தார். "மாடு வளர்க்கிறவர்கள் விட்ட பிழை, டொக்டர்மார் விட்ட பிழை, கந்தோர் உத்தியோகத்தர் விட்ட பிழை எல்லாம் எழுதுகிறீர்கள். நீங்கள் ஒன்றுமே விடவில்லையா?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. கொஞ்சம் கோபமும் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கோபம் ஆறியதும் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

தாங்கிகளின் நிழலில்

எங்கள் ஊர்க்காரரைப் பார்த்து நாடே சிரித்திருக்க வேண்டிய காலம் அது. எங்கள் பக்கத்துச் சீனன்குடாவில் வரிசை வரிசையாக எண்ணெய்த் தாங்கிகள். அதே ரோட்டில் ஒரு போத்தல் பெட்ரோலுக்காக விடியக்காலையிலிருந்து ஆட்கள் வரிசையில். தாங்கியைப் பார்த்துக்கொண்டே தாகத்தில் நின்றோம்.

மண்ணெண்ணெயும் இல்லை. சல்லியில் எஞ்சின் பூட்டிய போட்டுகள் எல்லாம் மணலில் ஏற்றிக் கிடந்தன. கரைவலை இழுத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் மீன் பட்டது. தவராசாவின் போட்டும் மணலில்தான். அவனும் கரைவலையில் ஆளோடு ஆளாகக் கயிறு இழுத்தான்.

மீன் பட்டால் போதாதே, விற்க வேண்டும். யோகம் முன்பெல்லாம் ஒரு ஆட்டோவில் மீன் பெட்டியை ஏற்றிக்கொண்டு டவுன் சந்தைக்குப் போவாள். ஆட்டோ நின்றுபோனது. தலைச்சுமையாகக் கொண்டுபோனால் பாதி மீன்தான் போகும். வெயில் ஏற, அந்தப் பாதியிலும் பாதி பழுதாகிவிடும்.

அவளிடம் நாலு ஆடுகள் இருந்தன. ஆட்டுக்கு ஊசி போடப் போனபோது என்னிடம் சொன்னாள்.

"மிஸ், உங்களுக்கு மாடு வச்சிருக்கிற ஆக்களைத் தெரியும்தானே. ஒரு வண்டில் மாடு கிடைக்காதோ? நான் ஓட்டுவன்."

"நீ வண்டில் ஓட்டினனியோ?"

"இல்லை. போட்டும் ஓட்டினதில்லை. ஆனா கரையில நிண்டு அவருக்கு வழி சொன்னனான்."

சிரித்துவிட்டேன். அவளுக்காக அலைய வேண்டும் என்று முடிவெடுத்ததும் அந்தச் சிரிப்பில்தான்.

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த சலீம் காக்கா இருந்தார். வயல்காரர். அந்தப் போகம் உரப் பசளை இல்லாமல் வயலைச் சும்மா விட்டிருந்தார். அவருடைய ஒற்றை மாட்டு வண்டிலும் கறுவலும் சும்மா நின்றன. விசயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"மாடு சும்மா நிண்டா கொழுத்துப் போகும் மிஸ். அந்தத் தங்கச்சி உழைக்கட்டும். நிலமை சீரானதும் திருப்பித் தரட்டும்."

அவரே கறுவலை வண்டிலில் பூட்டி, கிண்ணியாப் பாலம் கடந்து, சீனன்குடாவைத் தாண்டி, சல்லி வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். வழியில் பெட்ரோல் வரிசையில் நின்ற ஒருவர், "காக்கா, இது லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் ஓடும்?" என்று கேட்டாராம். "புல்லுக்கு நல்லா ஓடும்" என்று இவர் சொன்னாராம்.

நீலக் கயிறு

சல்லியில் வண்டிலை நிறுத்திய சலீம் காக்கா மாட்டை அவிழ்த்தார். மூக்குக்கயிற்றை மட்டும் விட்டுவிட்டு, கழுத்துக்கயிறு, நுகத்துக்கயிறு எல்லாவற்றையும் கழற்றினார். மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கறுவலின் நெற்றியைத் தடவிவிட்டு, எதிரே வந்த லொறியை மறித்து ஏறிப் போய்விட்டார்.

கயிறு போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. தவராசா சிரித்தான்.

"கடற்கரையில கயிறுக்கே பஞ்சம்?"

உண்மைதான். மணலில் கிடந்த போட்டின் நங்கூரக் கயிற்றிலிருந்து ஒரு துண்டு வெட்டினான். நல்ல நைலோன். எத்தனை காற்றில் போட்டைப் பிடித்து வைத்திருந்த கயிறு! அதை நுகத்தில் கோர்த்து, மாட்டின் கழுத்துக்குக் கீழே கொண்டுவந்து, போட்டைக் கட்டுகிற முடிச்சை அப்படியே போட்டான். அலை இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது. கடலில் அதுதான் உயிரைக் காப்பாற்றுவது.

மறுநாள் காலையில் நான் படிவத்தோடு போனேன். ஒரு பிரதேசத்து மாடு இன்னொரு பிரதேசத்தில் வேலை செய்வதென்றால், வழியில் பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கு எங்கள் கையெழுத்தோடு ஒரு படிவம் வேண்டும். மாடும் வண்டிலும் வேலைக்குத் தகுதி என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

பல்லைப் பார்த்தேன். சரி. கண், குளம்பு, தோள்பட்டை எல்லாம் சரி. வண்டிலின் சில்லு, கடையாணி, நுகம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன்.

கயிற்றையும் கண்டேன். கண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? கறுப்பு மாட்டுக்கு அந்த நீலம் எடுப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். முப்பது வருடச் சேவை!

கறுவல் ஐந்து நாள் ஒழுங்காக ஓடியது. ஆறாம் நாள் நல்ல மீன்பாடு. யோகம் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளை இரண்டு தட்டாக அடுக்கினாள். மதகு ஏற்றத்தில் பெட்டிகள் பின்னுக்கு வழுக்கின. பாரம் பின்னால் போக, ஏர்க்கால் முன்னால் கிளம்பியது. நுகம் கழுத்தை விட்டு எழும்ப, அடியில் இருந்த கயிறு தொண்டையைப் பிடித்தது. மாடு திமிறத் திமிற அந்த முடிச்சு தன் வேலையைச் சரியாகச் செய்தது.

சிவப்புப் பேனா

இனி அந்த வாசகருக்கு விடை.

எங்கள் பழைய படிவம் இரண்டு பக்கம். ரோனியோ மெசினில் அடித்தது. மை ஊறி, தொட்டால் விரலில் ஒட்டும். அதில் கடையாணிக்கு அடுத்த வரி: "பூட்டாங்கயிறு — தன்மை, முடிச்சு." யார் எழுதினார்களோ, நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இருந்தது.

எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. சண்டைக் காலத்தில் தடுப்பூசிப் பிளாஸ்கையும் படிவக் கட்டையும் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் போவோம். பிளாஸ்கைத் திறந்து காட்ட வேண்டும். படிவத்தை வரி வரியாக விளங்கப்படுத்த வேண்டும். ஒருநாள் ஒரு இளம் சிப்பாய் இந்த வரியில் விரலை வைத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். கயிறு என்ற சொல் எனக்குச் சிங்களத்தில் வந்தது. மற்றது வரவில்லை. அதனால் இரண்டு கையையும் என் கழுத்தில் சுற்றி, இழுத்துக் காட்டினேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பெரியவரைக் கூப்பிட்டான். பெரியவரும் பார்த்தார். தூக்குப் போடப் போகிறவளை மறித்து வைத்திருப்பது தங்களுக்குத்தான் தொல்லை என்று நினைத்தார்களோ என்னவோ, போகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் வெயிலில் ஒரு மணித்தியாலம் போய்விட்டது. பிளாஸ்கில் ஐஸ் கரைந்து, கொண்டுபோன மருந்து முழுக்கப் பழுது.

சண்டை முடிந்து சில வருடம் கழித்துப் படிவத்தை ஒரு பக்கமாகச் சுருக்கச் சொன்னார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் சந்தோசமாக ஏற்றுக்கொண்டேன். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.

"பூட்டாங்கயிறு" என்றதும் ஒருவர், "அது என்ன?" என்று கேட்டார்.

"செத்துப்போன சொல்," என்றேன். "ஊரெல்லாம் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓடுது. இனி ஆர் மாட்டைப் பூட்டப் போகினம்? பூட்டினாலும் கயிறில்லாமலோ பூட்டுவினம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். கடையாணி தப்பியது, அதன் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால். சுருக்கமான நல்ல படிவம் என்று என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வெகுகாலம் மனதில் வைத்திருந்தேன்.

படிவம் கேட்காததை நான் பார்க்கவில்லை. அதைக் கேட்காத படிவமாக்கியவளும் நான்தான். அன்று ரோட்டில் முட்டுக்காலில் இருந்தபோது எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

விபத்து அறிக்கையில் 'ஏற்றம், அதிக பாரம்' என்று எழுதினால் முடிந்துவிடும். பொய்யும் இல்லை. அப்படித்தான் முதலில் எழுதினேன். மறுநாள் காலையில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, "பூட்டாங்கயிறு பிழையானது, முடிச்சும் பிழையானது, பரிசோதித்த உத்தியோகத்தர் பார்க்கத் தவறினார்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலிடத்திலிருந்து போன் வந்தது. பயந்துகொண்டு எடுத்தேன்.

"மிஸ், பூட்டாங்கயிறு எண்டா என்ன?"

விளங்கப்படுத்தினேன். இந்த முறை கழுத்தைப் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த வரியை மறுபடி சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அடுத்த அச்சில் பார்ப்போம் என்றார்கள். அதுவரைக்கும் அலுவலகத்தில் இருந்த படிவக் கட்டு முழுவதிலும் கடையாணிக்குக் கீழே என் கையாலேயே அந்த வரியை எழுதி வைத்தேன். இருநூறு தாளாவது இருக்கும். விரல் வீங்கிப் போனது. வேண்டும் எனக்கு.

முடிச்சுக்குச் சொந்தக்காரர்

மாடு விழுந்த மறுநாளே சலீம் காக்கா கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வந்தார். சல்லியில் யோகத்தின் வீட்டுப் பூவரச மரத்தடியில் கறுவல் படுத்திருந்தது. கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்து, தொண்டை வீங்கி, தண்ணீர் மட்டும் குடித்தது. நான் மருந்து பூசிக்கொண்டிருந்தேன்.

அவர் நேரே மாட்டிடம் போனார். மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி, கழுத்தடியில் தொங்கும் அதன் அலைதாடியை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். பிறகு வேலியில் தொங்கிய அறுந்த கயிற்றை எடுத்தார்.

"ஆரு முடிஞ்ச இது?"

"நான்தான் காக்கா," என்றான் தவராசா.

"திரும்பவும் முடிஞ்சு காட்டுங்க தம்பி."

தவராசா வேலிக்கட்டையில் முடிந்து காட்டினான். சலீம் காக்கா இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார். வேலி ஆடியது, முடிச்சு அசையவில்லை.

"நல்ல முடிச்சு," என்றார். "போட்டுக்கு. கடல் விழாது தம்பி. மாடு விழும். விழுந்தா ஒரு இழுவையில அவுழணும்."

தவராசாவின் முகம் செத்துவிட்டது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"காக்கா, பிழை என்ர. கயிறைப் பார்க்க வேண்டியவள் நான். பார்க்காமல்தான் கையெழுத்து வைச்சனான்."

அவர் முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க பாத்திருந்தாலும் அங்க என்ர கயிறு இல்லயே மிஸ். நான்தானே கழட்டிக்கொண்டு போன."

அப்போதுதான் சொன்னார். அவர்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றோடு கொடுப்பதில்லை. கயிற்றைக் கொடுத்தால் பட்டியின் பரக்கத்தும் வளமும் கூடப் போய்விடும் என்று நம்பிக்கை. வாங்குகிறவர் தன்னுடைய கயிற்றோடு வர வேண்டும். மாட்டுக்காரர் வாங்குகிற இடத்தில் அதில் ஒரு கெடுதலும் இல்லை, அவர்களுக்குக் கயிறும் தெரியும், முடிச்சும் தெரியும்.

"நான் விக்கல்ல, இரவல்தானே தந்த. ஆனா கை பழக்கத்தில கழட்டிப்போட்டுது. கடக்கரை ஆக்கள் எந்தக் கயிறைப் போடுவாங்க எண்டு யோசிக்கவே இல்ல."

மூன்று பேரும் ஆளுக்கொரு பிழையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். யோகம் வெட்டுப்பட்ட விரலில் துணி சுற்றியபடி குசினியிலிருந்து வந்தாள்.

"பங்கு பிரிச்சு முடிஞ்சுதோ? இனி மாடு என்ன ஆகும் எண்டு ஆரும் சொல்லுங்கோ."

சலீம் காக்கா சொன்னார். காயம் ஆறிவிடும். ஆனால் நுகத்தில் நெரிபட்ட மாடு பிறகு நுகத்தைக் கண்டால் பயப்படும். பயந்த மாட்டை அடித்துப் பூட்டினால் ஒருநாள் ஆளையும் சேர்த்துக் கவிழ்க்கும். பத்து நாள் பொறுத்துப் பார்ப்போம். தானாகக் கழுத்தைக் கொடுத்தால் அது உங்களோடு இருக்கட்டும்.

"கொடுக்காட்டி?"

"வேல செய்யாத மாட்ட வச்சுத் தீன் போட இந்த வருசம் என்னால ஏலாது தங்கச்சி. வாங்கிறவன் ஒராள்தான் இருக்கான்."

இறைச்சிக்கு வாங்குகிறவன் என்று எல்லோருக்கும் விளங்கியது. யோகம் போய் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து நாள்

அந்தப் பத்து நாளும் யோகம் தலைச்சுமையாகவே மீன் கொண்டுபோனாள். திரும்பி வந்ததும் முதல் வேலை கறுவலுக்குக் கஞ்சி வைப்பது. பிறகு அதன் கழுத்தில் தன் வெறுங்கையைப் போட்டுக்கொண்டு நிற்பாள். முதலில் மாடு உதறியது. நாலாம் நாள் உதறவில்லை.

தவராசா வேறு ஒரு கூத்துப் பண்ணினான். சலீம் காக்கா போகும் முன் காட்டித் தந்த முடிச்சை நாள் முழுக்கப் பூவரசில் முடிவான், இழுத்து அவிழ்ப்பான். ஒருநாள் நான் போனபோது நுகத்துக்கடியில் தானே கழுத்தைக் கொடுத்து, கயிற்றைப் பூட்டிக்கொண்டு, மனைவியை இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சரியா அவிழுதோ எண்டு மாட்டின்ர இடத்தில நிண்டு பாக்கோணும் மிஸ்."

"பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி, எனக்குத் தாலி கட்டேக்க இப்பிடிக் கழுத்தை நீட்டியிருந்தா நானும் ஒரு கை பார்த்திருப்பன்," என்றாள் யோகம்.

ஆனால் அவன் ஒரு நல்ல விசயத்தையும் கண்டுபிடித்தான். சலீம் காக்காவின் முடிச்சு நனைந்தால் கொஞ்சம் பிடிக்கிறது. மீன் வண்டிலில் நனையாமல் எந்தக் கயிறு இருக்கும்? நங்கூரம் கடலடிக் கற்பாரில் சிக்கினால் ஒரே இழுவையில் கழற்றிவிட்டுத் தப்புவதற்குச் சல்லியில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தான். வாளியில் ஊறவைத்த கயிற்றிலும் அவிழ்ந்தது.

வண்டிலை இழுத்தவர்கள்

பதினோராம் நாள் காலை சலீம் காக்கா வந்தார். தோளில் கறுவலின் பழைய பூட்டாங்கயிறு. பருத்தி நூலில் முறுக்கி, தொண்டை படும் இடத்தில் சீலைத்துணி சுற்றியது. தவராசா தன் முடிச்சைக் காட்டினான். காக்கா மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இத எனக்கும் காட்டித் தாங்க தம்பி," என்றார்.

வண்டிலில் இரண்டே இரண்டு மீன் பெட்டி. இந்த முறை யோகம் முன்பக்கமாக வைத்துக் கட்டியிருந்தாள். தவராசா ஏர்க்காலைத் தூக்கிப் பிடிக்க, கறுவலைக் கொண்டுவந்தாள்.

நுகத்தைக் கண்டதும் மாடு நின்றது. காதை மடக்கியது. நாலு அடி பின்னால் போனது. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கூட்டிவந்தாள். மறுபடி பின்னால் போனது, உடம்பு நடுங்கியது. மூன்றாம் முறை சலீம் காக்காவே மூக்குக்கயிற்றைப் பிடித்தார். முடியவில்லை.

அவர் கயிற்றை விட்டார். "போதும் தங்கச்சி. பாவம், வாயில்லாச் சீவன்."

யோகம் அழவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய கண் மீன் பெட்டிக்குப் போனது.

"மாடு என்ன ஆனாலும் மீன் சந்தைக்குப் போகோணும்," என்றாள். ஏர்க்கால்களுக்கு நடுவில் போய் நின்று, நுகத்தைத் தன் மார்போடு அணைத்து இழுக்கத் தொடங்கினாள். தவராசா ஓடிப்போய்ப் பக்கத்தில் பிடித்தான். சலீம் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினார். ஒரு அரசாங்க உத்தியோகத்தர் சும்மா நின்று பார்ப்பது அழகா? நானும் தோளைக் கொடுத்தேன்.

ரோட்டில் பெட்ரோல் வரிசை எங்களைப் பார்த்துக் கைதட்டியது. வாகன இலக்கத்தின்படி பெட்ரோல் கொடுத்த நாட்கள் அவை; ஒருவர் வண்டிலின் இலக்கத்தைக் கேட்டார். சிரிக்க மூச்சு இல்லை.

மதகு ஏற்றத்தின் அடியில் வண்டில் நின்றுவிட்டது. முட்டுக்கட்டையைக் கொடுத்து ஏர்க்காலை நிறுத்திவிட்டு, யோகம் மூச்சு வாங்க ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

கறுவல் எங்களுக்குப் பின்னால் நின்றது. யாரும் அதைக் கூட்டிவரவில்லை. மூக்குக்கயிறு தரையில் இழுபட, நடந்தே வந்திருந்தது.

நான் வாயைத் திறக்கப் போனேன். சலீம் காக்கா கையைக் காட்டித் தடுத்தார். நாங்கள் அசையவில்லை.

மாடு வண்டிலைச் சுற்றி வந்தது. ஏர்க்கால்களை முகர்ந்தது. அது விழுந்து கிடந்த இடம் பத்தடி தூரம்தான். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு பின்பக்கமாக அடியெடுத்து, இரண்டு ஏர்க்காலுக்கும் நடுவில், தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றது.

யோகம் எழுந்தாள். நுகத்தை மெல்லத் தூக்கி அதன் கழுத்தில் வைத்தாள். கறுவலின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான். பூட்டாங்கயிற்றைக் கழுத்துக்குக் கீழே கொண்டுவந்து, புருசன் பழக்கியபடி முடிந்தாள்.

"இழுத்துப் பாருங்க," என்றார் சலீம் காக்கா மெதுவாக.

அவள் நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். கயிறு முழுக்க அவிழ்ந்து தரையில் விழுந்தது.

இப்போது மாட்டின் கழுத்தில் நுகம் சும்மா கிடந்தது. தலையைக் கொஞ்சம் உதறினால் போதும், அது போய்விடலாம்.

கறுவல் போகவில்லை.

யோகம் குனிந்து கயிற்றை எடுத்தாள். எங்களில் யாரையும் பார்க்காமல், மாட்டின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"இனி முடியட்டோ ராசா?"

அது தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. நான் நடுரோட்டில் நின்று அழுதேன்.